தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஐந்து, வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு வயதினர் எழுதியவையாக இருந்தும், ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. களத்தில் இறங்கி விளையாடாத மனிதர், விளையாடுகிற அணிக்காக இத்தனை மகிழவும் இத்தனை நோகவும் காரணம் என்ன என்பதே அப்பொருள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஐந்துக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் கணவருக்கு வயது 54. இங்கிலாந்து மண்ணை மிதித்ததே இல்லை. ஆனாலும் பள்ளிக்கூட நாள் முதல் லிவர்பூல் காற்பந்து அணியின் ரசிகர். ஐரோப்பியக் கிண்ண ஆட்டம் என்றால் அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்துவிடுவார். அணி தோற்றுவிட்டால் அன்று முழுவதும் வீட்டில் யாரோடும் பேச்சு இல்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே கிடக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தம் தந்தை இறந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் எல்லாக் காரியங்களையும் நின்று முடித்தவர், 2012-இல் லண்டன் ஒலிம்பிக் பூப்பந்து இறுதியாட்டத்தில் மலேசியாவின் லீ சோங் வெய் தோற்ற இரவில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பெற்றவருக்கு வராத கண்ணீர் ஒரு பூப்பந்து ஆட்டக்காரருக்கு எப்படி வருகிறது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன், ஆகவே முதலில் அதைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். 2012 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, வெம்பிளி அரங்கில், முதல் செட்டை 21-15 என்று வென்ற லீ சோங் வெய், இரண்டாம் செட்டை 10-21 என்று இழந்து, மூன்றாம் செட்டில் 19-21 என்று சீனாவின் லின் டானிடம் தோற்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் இறுதியாட்டத்திலும் இதே லின் டானிடம்தான் அவர் தோற்றிருந்தார். அதற்கு மேல், லண்டனுக்குப் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் கணுக்காலில் காயம்பட்டு, அவர் விளையாடுவாரா மாட்டாரா என்று நாடே கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட இதுவரை பெறாத நாடு நம்முடையது. புக்கிட் மெர்தாஜாமில் பயிற்சி பெற்று வளர்ந்தவர் என்பதால், உங்கள் பக்கத்து மக்களுக்கு அவர் அடுத்த வீட்டுப் பிள்ளையும்கூட. அன்றிரவு அழுதவர் உங்கள் கணவர் ஒருவர் மட்டுமல்லர் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று நம் முன்னோர் சொன்னது இரத்த உறவைப் பற்றி. தன் பிள்ளை தடுக்கி விழுந்தால், தாய் எழுந்து ஓடுவதற்கு முன்பே அவள் உடம்பு பதறிவிடுகிறதே, அதைத்தான் அப்படிச் சொன்னார்கள். விளையாட்டு ரசிகரின் உடம்பிலும் இதுவே நடக்கிறது என்பதை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1994 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பிரேசிலும் இத்தாலியும் மோதியபோது, அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த இரு தரப்பு ஆண் ரசிகர்களின் உமிழ்நீர், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டது. பினால்டியில் பிரேசில் வென்றதும் பிரேசில் ரசிகர்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு உயர்ந்திருந்தது. இத்தாலி ரசிகர்களின் உடலில் அது தாழ்ந்திருந்தது. போட்டியில் நேராக இறங்கி வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஏற்படுகிற மாற்றம், நாற்காலியில் அமர்ந்து திரையைப் பார்த்திருந்தவர்களுக்கும் ஏற்பட்டது. 2014 உலகக் கிண்ணத்தின்போது, ஜெர்மனியிடம் பிரேசில் 1-7 என்று நொறுங்கிய ஆட்டம் உட்பட, பிரேசில் ரசிகர்களிடம் எடுத்த சோதனையில், அணியோடு தம்மை மிக நெருக்கமாக இணைத்துக்கொண்டவர்களுக்கே மன உளைச்சலின்போது சுரக்கும் கார்டிசோல் மிகுதியாக இருந்தது. ஆகவே, தோற்ற நாளில் உங்கள் கணவருக்குச் சோறு இறங்கவில்லை என்றால், அதை நடிப்பு என்றோ பிடிவாதம் என்றோ எண்ண வேண்டாம். அவர் உடம்பு உண்மையிலேயே தோற்றிருக்கிறது.

இரத்தத் தொடர்பே இல்லாத ஓர் அணியை உடம்பு எப்படி உறவாக ஏற்றுக்கொள்கிறது என்பதே இதில் கடினமான இடம். எனக்குத் தெரிந்தவரையில், அணிகளை ஒப்பிட்டு, தரம் பார்த்து, தேர்ந்தெடுத்து ரசிகரானவர் மிகச் சிலரே. பெரும்பாலோருக்கு அணி ஒரு மனிதர் வழியாகவே வந்து சேர்கிறது. தந்தையோ, அண்ணனோ, மாமாவோ, பள்ளியில் பக்கத்தில் அமர்ந்த நண்பனோ ஓர் அணியை நேசித்தார். அவரோடு இருப்பதற்காக நாமும் நேசித்தோம். காரணங்களை எல்லாம் பிறகு கண்டுபிடித்துக்கொண்டோம். உங்கள் கணவர் பள்ளி சென்ற காலத்தில் லிவர்பூல் உச்சத்தில் இருந்தது உண்மைதான். 1977, 1978, 1981, 1984 என நான்கு முறை ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணி அது. ஆனால் வெற்றி மட்டுமே காரணம் என்றால், அதன்பின் வந்த நீண்ட வறட்சியில் அவர் விலகியிருக்க வேண்டும். அவர் விலகவில்லை. அந்த அணியை அவருக்கு முதலில் காட்டியவர் யார் என்று ஒருநாள் அவரைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயரில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. ரசிகரால் ஆட்டத்தின் முடிவை ஓர் அணுவளவும் மாற்ற முடியாது. மகனுடைய தேர்வென்றால் தந்தை விடிய விடிய உடனிருந்து சொல்லிக்கொடுக்கலாம். வியாபாரம் என்றால் ஓடியாடிச் சரிசெய்யலாம். ஆட்டத்திலோ, உயிரையே வைத்திருக்கிற ஒன்றின் முன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால்தான் கடந்த முறை வென்ற நாளில் அணிந்திருந்த சட்டையையே மறுபடி அணிவதும், கோல் விழுந்தபோது அமர்ந்திருந்த நாற்காலியை விட்டு எழ மறுப்பதும், படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லாமல் எங்கும் நடக்கின்றன. செய்வதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் மனம் தானே ஒரு செயலை உண்டாக்கிக்கொள்கிறது.

இனி, கண்ணீர். தந்தை இறந்த வீட்டில் மகனுக்கு அழ நேரம் இல்லை. சொந்தங்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டும், இறப்புப் பதிவு செய்ய வேண்டும், கொள்ளிச் சட்டி தூக்க வேண்டும், தாயைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், கருமக்கிரியைக்கு ஆள் பார்க்க வேண்டும். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள் எங்கள் தலைமுறை ஆண்கள். ஆனால் ஆட்டம் பார்க்கும்போது அழுவதற்கு மட்டும் ஏனோ இந்தச் சமூகம் அவர்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. கோலாலம்பூரில் இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் உணவுக்கடையில் பெரிய திரைக்கு முன், முன்பின் அறியாத ஆடவர் இருவர் கட்டிப்பிடித்து அழுததை நானே கண்டிருக்கிறேன். எல்லாம் செய்தும், கடைசி இரண்டு புள்ளிகளில் கைநழுவிப் போன ஒருவரைப் பார்த்து அன்றிரவு உங்கள் கணவர் அழுதார். அந்தக் கண்ணீர் முழுவதும் லீ சோங் வெய்க்கே உரியது என்று நான் நினைக்கவில்லை. அதில் உங்கள் மாமனாருக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

இவ்வளவு சொன்னதனால், வீட்டாரிடம் முகங்கொடுத்துப் பேசாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. துயரம் அவருடையது, அதன் சுமையைச் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பவர் தலையில் இறக்குவது முறையல்ல. "வெறும் விளையாட்டுதானே" என்ற சொல்லை நீங்கள் தவிர்த்துவிடுங்கள். தோற்ற நாளிலும் ஒரு வேளையாவது குடும்பத்தோடு அமர்ந்து உண்பதை அவர் வழக்கமாக்கிக்கொள்ளட்டும். இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டினாலும் எனக்கு மறுப்பில்லை.

கேள்வி: ஐயா, ஆட்டம் முடிந்த மறுநாள் என் நண்பர்கள் எல்லோரும் "நாங்கள் ஜெயித்துவிட்டோம்" என்கிறார்கள். ஓடியவர்கள் பதினொரு பேர். சம்பளம் வாங்கியவர்களும் அவர்களே. சோபாவில் படுத்துக்கொண்டு பார்த்தவனுக்கு அப்படிச் சொல்ல என்ன உரிமை இருக்கிறது?
– கல்லூரி மாணவர், கோலாலம்பூர்

பதில்: தம்பி, உங்களைப் போலவே இதைக் கவனித்த உளவியலாளர் ஒருவர் இருந்தார். ராபர்ட் சியால்டினி என்னும் அமெரிக்கர், தம் சகாக்களோடு சேர்ந்து 1976-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் திங்கட்கிழமைகளில் என்ன உடுத்தி வகுப்புக்கு வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். சனிக்கிழமை தங்கள் அணி வென்றிருந்தால், பல்கலைக்கழகப் பெயரோ சின்னமோ பொறித்த ஆடைகளை அணிந்து வருபவர்களின் தொகை கூடியது. தொலைபேசியில் அழைத்து ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வென்ற ஆட்டத்தை "நாங்கள் வென்றோம்" என்றவர்கள், தோற்ற ஆட்டத்தை "அவர்கள் தோற்றார்கள்" என்று சொல்லும் போக்கும் காணப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த செய்தி. அந்த அழைப்பில் முதலில் பல்கலைக்கழக வாழ்க்கை பற்றிய சில கேள்விகள் கேட்டு, சிலரிடம் நீங்கள் நன்றாகச் செய்தீர்கள் என்றும், சிலரிடம் மோசமாகச் செய்தீர்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். மோசமாகச் செய்ததாகச் சொல்லப்பட்டவர்களிடமே இந்த "நாங்கள்", "அவர்கள்" வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. தன் மதிப்பில் அடிபட்டவன் அணியின் தோளில் ஏறி நிற்கிறான். இதை அறிந்தபின் எனக்கு அந்தச் சொல்லின் மேல் எரிச்சல் வருவதில்லை.

ஆனால் தமிழில் இதை ஆய்வு செய்திருந்தால் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டிருப்பார்கள். நமக்கு "நாங்கள்" வேறு, "நாம்" வேறு. எதிரில் நிற்பவரை விலக்கிச் சொல்வது முன்னது. அவரையும் சேர்த்து அணைத்துச் சொல்வது பின்னது. மலாய் மொழியிலும் காமி, கித்தா என்று இதே பிரிவு உண்டு. உங்கள் நண்பர்கள் தங்கள் கிளப்பைப் பற்றிச் சொல்வது "நாங்கள்". வேற்று அணியின் ரசிகனைப் பார்த்துச் சொல்லப்படுவது அது, சில வேளைகளில் அவனைக் குத்துவதற்காகவே சொல்லப்படுவது. நான் என் வாழ்க்கையில் கேட்ட மிகப் பெரிய "நாம்", 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மெர்டேக்கா அரங்கில் கேட்டது.

என் தந்தையார் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்றில் மலேசியா தென்கொரியாவைச் சந்தித்த அந்த ஆட்டத்துக்கு, சிறுவனாக இருந்த என்னைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். சோ சின் ஆன், சந்தோக் சிங், நீண்ட கைகளால் "ஸ்பைடர்மேன்" என்று பெயர் பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகம் ஆகியோர் இருந்த அணி அது. ஜேம்ஸ் வோங் அடித்த கோலில் நாம் 2-1 என்று வென்றோம். தமிழைத் தவிர வேறு மொழியில் உரக்கப் பேசக் கூச்சப்படுகிற என் தந்தை, அன்று வெளியே வரும் வழியெல்லாம், யார் என்றே தெரியாத ஒரு மலாய்க்காரரின் தோளில் கை போட்டபடி, "கித்தா மெனாங், கித்தா மெனாங்" (நாம் வென்றோம்) என்று கத்திக்கொண்டு வந்தார். சோவியத் ஒன்றியம் ஆப்கானிஸ்தானுக்குள் படை அனுப்பியதை எதிர்த்து எழுந்த புறக்கணிப்பில் நம் நாடும் சேர்ந்துகொண்டதால், அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் காலமான செய்தி வந்த அன்று, எங்கள் வீட்டில் இழவு விழுந்தது போல் இருந்தது. என் தந்தை ஓடவில்லை, பந்தைத் தடுக்கவில்லை, சம்பளமும் வாங்கவில்லை. "கித்தா" என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது, தம்பி.

கேள்வி: எங்கள் அணிக்கு எதிராக மட்டும் நடுவர்கள் எப்போதும் தவறான தீர்ப்பே வழங்குகிறார்கள். இது திட்டமிட்டதா?
– வாசகர், கிள்ளான்

பதில்: எதிரணி ரசிகரைக் கேளுங்கள்; அவரும் இதையே சொல்வார். 1951-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் கல்லூரிகளுக்கிடையே நடந்த முரட்டுத்தனமான ஓர் ஆட்டத்தின் படச்சுருளை, பின்னர் இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணியின் தவறுகளாக டார்ட்மவுத் மாணவர்கள் கண்டதைப் போல இரு மடங்குக்கும் மேலாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டார்கள். பார்த்தது ஒரே படம். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

கேள்வி: எனக்கு வயது 68. 1974-இல் பினாங்கு அணி மலேசியக் கிண்ணத்தை வென்றதிலிருந்து அதன் ரசிகன். அதற்குப் பின் அந்தக் கிண்ணம் எங்களிடம் திரும்பவே இல்லை. என் பேரப்பிள்ளைகளோ மான்செஸ்டர் என்றும் மாட்ரிட் என்றும் பேசுகிறார்கள். மாநில அணியின் ஆட்டக்காரர் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. தோற்கிற அணியை என்னாலும் விட முடியவில்லை. இது அறிவீனமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜோர்ஜ்டவுன்

பதில்: ஐயா, பேராக்கை 2-1 என்று வீழ்த்திய அந்த ஆண்டின் அணியையும், ஈசா பக்கார், அலி பக்கார் சகோதரர்களையும் நினைவில் வைத்திருக்கும் ஒருவர் எழுதிய கடிதத்தை நான் இருமுறை படித்தேன். 1998-இலும் 2001-இலும் லீக் பட்டத்தை வென்ற அணி, 2017-இல் முதல் நிலை லீக்கிலிருந்து கீழே இறக்கப்பட்டபோதும் நீங்கள் நகர அரங்கிற்குப் போய் நீலமும் மஞ்சளும் அணிந்து அமர்ந்திருப்பீர்கள் என்பதை, நீங்கள் எழுதாமலேயே அறிகிறேன்.

இது அறிவீனம் அல்ல. இங்கிலாந்தின் பத்து கிளப்புகளின் ரசிகர்களை ஒப்பிட்டு 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதிகம் வென்ற அணிகளின் ரசிகர்களைவிட அதிகம் தோற்ற அணிகளின் ரசிகர்களே ஒருவரோடொருவர் இறுக்கமாகப் பிணைந்திருந்ததாகக் கண்டது. சேர்ந்து மகிழ்ந்தவர்கள் பிரிந்துபோகலாம். சேர்ந்து அடிபட்டவர்கள் எளிதில் பிரிவதில்லை. தோட்டங்களில் ஒரே லயத்து வீடுகளில் வாழ்ந்து, தோட்டம் துண்டாடப்பட்டபின் நாலா பக்கமும் சிதறிய நம் குடும்பங்கள், இன்றும் ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு மற்றவர் வந்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பேரப்பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் உங்களோடு சற்று மாறுபடுகிறேன். தொலைவில் உள்ள அணியின் மேல் வைத்த பற்று போலி என்று சொல்ல முடியாது. மேலே பட்டர்வொர்த் சகோதரியின் கணவரைப் பற்றி எழுதியது அவர்களுக்கும் பொருந்தும். அவர்களுக்குக் கிடைக்காமல் போனது, அரங்கில் பக்கத்தில் அமர்ந்து ஆட்டத்தை விளக்கிச் சொல்லும் ஒரு பெரியவரின் துணை. அறிவுரையால் யாரும் ஓர் அணியின் ரசிகராவதில்லை. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு பிள்ளையை மட்டும் அழைத்துக்கொண்டு போங்கள், திரும்பும் வழியில் நாசி கண்டார் வாங்கிக் கொடுங்கள், 1974-ஐப் பற்றிச் சொல்லுங்கள். அணி தோற்றாலும் பரவாயில்லை.

கேள்வி: என் அப்பாவுக்குச் சென்ற ஆண்டு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. மலேசியா ஆடினாலே நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். முக்கியமான ஆட்டங்களை அவர் பார்க்கலாமா? தடுத்தால் கோபப்படுகிறார்.
– வாசகர், செந்தூல்

பதில்: உங்கள் கவலைக்கு ஆதாரம் இருக்கிறது. 2006 உலகக் கிண்ணம் ஜெர்மனியில் நடந்தபோது, மியூனிக் வட்டாரத்தில் ஜெர்மன் அணி ஆடிய நாட்களில் இருதய அவசரச் சிகிச்சைக்கு வந்தோர் தொகை, மற்ற நாட்களைவிட 2.66 மடங்காக இருந்தது. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்திலேயே அது உச்சத்தைத் தொட்டது. முன்பே இருதய நோய் உள்ளவர்களுக்கே ஆபத்து மிகுதியாக இருந்தது. 1998-இல் இங்கிலாந்து பினால்டியில் அர்ஜென்டினாவிடம் தோற்ற நாளிலும் அடுத்த இரு நாட்களிலும், மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் தொகை 25 விழுக்காடு கூடியது. ஆகவே, அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது இதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

அவர் சம்மதித்தால், தடுப்பதில் பயனில்லை. அடுத்த அறையில் அமர்த்திவைத்தாலும் பக்கத்து வீட்டுக் கூச்சலைக் கேட்டுக்கொண்டு இன்னும் அதிகமாகத் தவிப்பார். அன்றைய மருந்தை நேரத்தோடு கொடுத்துவிடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஆட்டம் பார்க்க அமர வேண்டாம். சிகரெட் அறவே கூடாது. அதிகாலை ஆட்டத்துக்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், மறுஒளிபரப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவேளையில் எழுந்து சற்று நடக்கட்டும். ஆட்டம் பினால்டிக்குப் போனால் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிடுங்கள். நெஞ்சில் இறுக்கம், இடக்கையில் வலி, வியர்வை என்று அவர் சொன்னால், ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் உடனே 999-ஐ அழையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவரைத் தனியே அமர்ந்து பார்க்க விடாதீர்கள். உங்களுக்குக் காற்பந்தில் விருப்பம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அமருங்கள். ஏன் அந்த ஆட்டக்காரரை மாற்றுகிறார்கள், ஏன் அது ஆஃப்சைடு என்று கேளுங்கள். அவர் உங்களுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர் மூச்சு சற்று நிதானப்படும்.